கேமராவின் தலையில் ஒரு பழைய ஜன்னல்

என்னிடம் ஒரு மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் ஜன்னல், இல்லாத மாடல். முதுகில் திரை மட்டும்தான். எடுக்கப்போகும் படத்தை அந்தத் திரை ஓரம் பிசகாமல் காட்டும். வெளிச்சம் கூடுதலா குறைவா, ஃபோகஸ் எங்கே விழுகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். இப்படிப்பட்ட கேமராவின் உச்சியில், ஃபிளாஷ் மாட்டும் ஷூவில், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பழைய உலோகக் குழலை, தனியாக விற்ற ஒரு வியூஃபைண்டரை, செருகி வைத்திருக்கிறேன். எடுக்கப்போகும் படத்தை அது சரியாகக் காட்டாது. ஃபோகஸ் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. எந்த லென்ஸ் மாட்டியிருக்கிறது என்பதுகூடத் தெரியாது. கூரைக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கும் என்ன உறவோ, அதுதான் கேமராவுக்கும் இந்தக் குழலுக்கும்.

பார்க்கிறவர்கள் கேட்கிற கேள்வி நியாயமானது. சரியாகக் காட்டும் திரை இருக்கும்போது, தப்பாகக் காட்டும் குழல் எதற்கு? இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் குழல் எங்கிருந்து வந்தது, எந்தக் காரியத்துக்காகச் செய்யப்பட்டது, எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டால்தான் அந்தப் பதில் விளங்கும்.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பர்னாக் உருவாக்கிய லைக்கா 1925-இல் விற்பனைக்கு வந்தது. சினிமா ஃபிலிமில் 24-க்கு 36 மி.மீ. அளவில் படம் எடுக்கும் குட்டிக் கேமரா. அதில் கழற்ற முடியாத 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுதான். மேலே அந்த லென்ஸுக்கு ஏற்றபடி ஒரு சின்னப் பார்வைக் குழல். பக்கத்தில் ஒரு ஷூ. அந்த ஷூ முதலில் வியூஃபைண்டருக்காக வைத்தது அல்ல. தூரம் அளக்கும் தனிக்கருவி ஒன்றை அதில் செருகி, அளந்து, லென்ஸில் அந்த எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும்.

1930-இல் லென்ஸைக் கழற்றி மாற்றும் வசதி வந்ததும் சிக்கல் தொடங்கியது. அகலமாகப் பிடிக்கும் 35 மி.மீ. லென்ஸும் மாட்டலாம், தொலைவைக் கிட்டே இழுக்கும் 135 மி.மீ. லென்ஸும் மாட்டலாம். ஆனால் கேமராவிலேயே உள்ள பார்வைக் குழல் 50-ஐ மட்டும்தான் காட்டும். எஸ்.எல்.ஆர். கேமராவில் உள்ளதுபோல லென்ஸ் வழியாகவே பார்க்கும் ஏற்பாடு இதில் கிடையாது. ஆகவே ஒரு லென்ஸ் வாங்கினால் அதற்கென ஒரு வியூஃபைண்டரும் வாங்க வேண்டும் என்றாயிற்று. லைட்ஸ் இவற்றுக்கெல்லாம் ஆங்கில எழுத்தில் ஐந்தெழுத்துப் பெயர்களை வைத்தது. தந்தியில் ஆர்டர் கொடுக்கும்போது வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு. 'கேமராவின் மேலே மாட்டும் 35 மி.மீ. வியூஃபைண்டர்' என்று நீட்டி முழக்காமல் ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். நம் ஊரில் தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது. பழைய கேமராக்காரர்கள் மட்டும் இன்னும் தந்தி மொழியிலேயே பேசுகிறார்கள். ஸ்பூயி என்றால் 50, ஸ்ப்ளூ என்றால் 35.

ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு குழல் சுமப்பது தொந்தரவு என்று எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றையும் செய்தார்கள். லைட்ஸின் விடோம் அந்த வகை. வளையத்தைத் திருப்பினால் உள்ளே இருக்கும் செவ்வகச் சட்டம் சுருங்கும், விரியும். ஆனால் அதில் தெரியும் காட்சி இடம் வலமாக மாறியிருக்கும். இடப்பக்கம் ஓடும் சைக்கிள் உள்ளே வலப்பக்கம் ஓடும். அதைத் துரத்திக் கேமராவைத் திருப்பினால் நேர் எதிர்த்திசையில் போய்விடுவோம். பிறகு வந்த மாடலில் இந்தக் கோளாறைச் சரிசெய்தார்கள். அதில் வேறு சங்கடம். 135 மி.மீ.க்கு வைத்தால் காட்சி பெரிதாகாது, சட்டம்தான் சுருங்கும். தபால்தலை அளவுள்ள ஓட்டை வழியாகத் தெருவைப் பார்ப்பது போலிருக்கும்.

ட்ரெஸ்டனில் இருந்த சைஸ் ஐகான் நிறுவனம் வேறு வழியில் போனது. காண்டாக்ஸ் கேமராவுக்காக அவர்கள் செய்த பொது வியூஃபைண்டரின் முகத்தில் ஒரு சுழல் தட்டு, அதில் ஐந்து குட்டி லென்ஸ்கள். தட்டைத் திருப்பினால் 28, 35, 50, 85, 135 என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே வரும். சட்டம் அதே அளவில் நிற்கும், காட்சி பெரிதாகும் அல்லது சிறிதாகும். போருக்குப் பிறகு மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலை இதே மாதிரியைச் செய்து தள்ளியது. ஃபெட், ஸோர்க்கி, கீவ் கேமராக்களோடு உலகமெங்கும் பரவிய இந்த ரஷ்யச் சுழல் குழல்தான் இன்றைக்கும் சல்லிசாகக் கிடைக்கும் பழைய வியூஃபைண்டர். காட்சி நேராகவும் தெளிவாகவும் தெரியும். என்ன, கேமராவின் தலையில் ஏறினால் தண்ணீர் மீட்டரைப் பொருத்தியது போல இருக்கும். சின்ன டிஜிட்டல் கேமராவில் மாட்டினால் மீட்டருக்குத்தான் கேமரா மாட்டியிருக்கிறது என்று தோன்றும்.

1954-இல் வந்த லைக்கா எம்3 இந்தக் கடைவிரிப்பின் பெரும்பகுதியை மூடியது. 50, 90, 135 மூன்றுக்கும் ஒளிரும் கோடுகள் கேமராவுக்குள்ளேயே வந்துவிட்டன. லென்ஸை மாட்டினால் அதற்குரிய கோடு தானாகத் தோன்றும். கிட்டே ஃபோகஸ் செய்தால் கோடும் நகரும். அதன்பிறகு தனிக் குழல்களுக்கு மிஞ்சிய இடம் அகலக்கோண லென்ஸ்கள்தான். 28-க்கான கோடு லைக்காவுக்குள் வருவதற்கு 1980-களின் எம்4-பி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 21-க்கு எப்போதும் வெளிக்குழல்தான்.

எஸ்.எல்.ஆர். வந்ததும் எல்லாம் முடிந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். முழுக்க உண்மை இல்லை. 1959-இல் வந்த நிக்கான் எஃப் கேமராவுக்கான முதல் 21 மி.மீ. லென்ஸின் பின்பகுதி கேமராவுக்குள் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸ் காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிட உள்ளே இருக்கும் கண்ணாடியை மேலே தூக்கிப் பூட்டினால்தான் மாட்டவே முடியும். கண்ணாடி மேலே போய்விட்டால் லென்ஸ் வழியே எதுவும் தெரியாது. ஆகவே லென்ஸோடு ஒரு தனி வியூஃபைண்டரையும் கொடுத்தார்கள். லென்ஸ் வழியே பார்ப்பதற்கென்றே பிறந்த கேமராவின் தலையிலும் ஒரு காக்கை!

சரி, குழலுக்குள் என்னதான் இருக்கிறது?

மிக எளிய வகை, கலிலியோவின் தொலைநோக்கியைத் திருப்பிப் பிடித்தது. முன்னால் ஒரு குழிலென்ஸ், கண் வைக்கும் இடத்தில் ஒரு குவிலென்ஸ். தொலைநோக்கியைத் தலைகீழாகப் பிடித்தால் உலகம் சின்னதாகத் தெரியும் அல்லவா, அதேதான். இந்தியாவில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கேமராவாக வந்தது பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3. அதன் நெற்றியில் இருந்ததும் இப்படி ஒரு எளிய ஜன்னல்தான். இந்த வகையில் பெரிய குறை ஓரம். காட்சிக்கு எல்லையாக இருப்பது முன்னால் உள்ள லென்ஸின் விளிம்பு. அது கண்ணிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தொலைவில்தான் இருக்கிறது. காட்சியோ தொலைவில். கண்ணால் இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. எனவே ஓரம் கலங்கித் தெரியும். கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் ஓரமும் நகரும். பழைய குடும்ப ஆல்பங்களில் ஓரத்தில் நின்ற சித்தப்பா பாதியாக நிற்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்தவர் வான் அல்படா என்ற டச்சு ராணுவ அதிகாரி. முன்னால் உள்ள குழிலென்ஸின் உட்பரப்பில் பாதி ஒளியைத் திருப்பும் அளவுக்கு மெல்லிய வெள்ளிப்பூச்சு. கண் வைக்கும் லென்ஸைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம். அந்தக் கட்டம் குழிந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. குழிவின் வளைவைச் சரியாகக் கணக்கிட்டால், கட்டம் வெகுதொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். கட்டம், காட்சி இரண்டும் ஒரே தொலைவில் இருப்பதால் இரண்டுமே தெளிவு. கண்ணை அசைத்தாலும் கட்டம் தெருவோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். கட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் தெரியும். கையில் அப்படி ஒரு குழல் கிடைத்தால் வெளிச்சமான ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் பிடித்து முன்லென்ஸைப் பாருங்கள். பூச்சு லேசாகத் தங்கம்போலவோ வெள்ளிபோலவோ மின்னும். அதில் கருப்பாகத் திட்டுத் திட்டாக இருந்தால் வாங்க வேண்டாம். பூச்சு போனால் கட்டமும் போச்சு.

வேறு வகைக் குழல்களில் கட்டத்துக்கென்றே முன்பக்கம் மங்கலான ஒரு தனி ஜன்னல் இருக்கும். வெளிச்சம் அதன் வழியே வந்து கோடுகளை ஒளிரச் செய்யும். லைட்ஸின் ஸ்பூயி 1950-களின் தொடக்கத்தில் வந்தது. அதன் பெருமை என்னவென்றால், காட்சியைச் சுருக்கவே சுருக்காது. வலக்கண்ணால் குழலுக்குள் பார்த்து, இடக்கண்ணையும் திறந்து வைத்தால் இரண்டு கண்ணிலும் ஒரே அளவுக் காட்சி. மூளை இரண்டையும் சேர்த்துவிடும். குழல் மறைந்து, தெருவின் நடுவே ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். லென்ஸைத் திருகி மாட்டும் பழைய லைக்காவின் சொந்தப் பார்வைத் துளை சாவித் துவாரம் போன்றது. மூக்குக் கண்ணாடி போட்டவர்களுக்கு அது தண்டனை. அதில் தவித்துவிட்டு ஸ்பூயியில் கண் வைக்கிறவர் முகத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

இதைவிட விசித்திரமானது ஃபோய்க்ட்லாண்டர் நிறுவனத்தின் கொண்டூர். இதன் வழியாகக் காட்சியே தெரியாது. உள்ளே கும்மிருட்டு, அதில் ஒரு வெள்ளைக் கட்டம். அவ்வளவுதான். ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உடைந்த சாமானை விற்றுவிட்டார்கள் என்றே தோன்றும். மற்றக் கண்ணைத் திறந்ததும் கட்டம் தெருவின் மேல் போய் உட்காரும். ஒரு கண் கட்டத்தைக் கொடுக்கிறது, மறு கண் உலகத்தைக் கொடுக்கிறது, சேர்ப்பது மூளையின் வேலை. இரண்டு கண்ணும் இசைவாக வேலை செய்பவர்களுக்கு இதைவிடப் பளிச்சென்ற வியூஃபைண்டர் இல்லை, ஏனென்றால் காட்சிக்கு முன்னால் கண்ணாடியே இல்லை. பார்வை லேசாக விலகும் பழக்கம் உள்ளவர்களுக்குக் கட்டம் மெல்ல மிதந்து இடம் மாறும். மாறுகண் உள்ளவர்களுக்குப் பயன்படவே படாது. என் நண்பர் ஒருவர் பத்து நிமிஷம் முயன்றுவிட்டு, "கட்டம் ஒரு ஊர்ல, தெரு ஒரு ஊர்ல இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி, எவ்வளவு தப்பு என்ற கணக்கு.

முதல் தப்பு, பள்ளியில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் வரும் என்று படித்தோமே, அந்த இடமாறு தோற்றப் பிழை. குழலின் மையம் லென்ஸின் மையத்துக்குச் சுமார் 6 செ.மீ. மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. லென்ஸ் 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 48 செ.மீ. உயரப் பரப்பைப் பிடிக்கும். அதில் 6 செ.மீ. என்பது எட்டில் ஒரு பங்கு. நீங்கள் தலைக்கு மேல் இடம் விட்டுக் கட்டம் கட்டியிருப்பீர்கள். லென்ஸ் கீழே இருப்பதால் படத்தில் தலை வெட்டுப்பட்டிருக்கும். 5 மீட்டருக்குப் போனால் பரப்பின் உயரம் 2.4 மீட்டர். அதே 6 செ.மீ. இப்போது நாற்பதில் ஒரு பங்கு, யாரும் கவனிக்க மாட்டார்கள். கிட்டத்தில் தான் வம்பு, தூரத்தில் இல்லை. பழைய குழல்கள் இதற்கு ஏதோ ஒரு பரிகாரம் வைத்திருக்கும். சிலவற்றில் மேல்கோட்டுக்குக் கீழே விட்டு விட்டு வரைந்த ஒரு கோடு, 'கிட்டே என்றால் இதுதான் எல்லை' என்பதற்காக. சிலவற்றில் தூரத்தை வைத்தால் குழலே குனியும் ஒரு நெம்புகோல். 1956-இல் வந்த கேனான் விடி இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தது. ஷூவின் நடுவில் ஒரு சின்ன ஊசி. லென்ஸை ஃபோகஸ் செய்யச் செய்ய ஊசி ஏறி இறங்கி, மேலே இருக்கும் குழலைக் குனியவைக்கும், நிமிர்த்தும். இப்போதைய டிஜிட்டல் கேமராவில் அந்த ஊசிக்கு வழியில்லை.

இரண்டாவது தப்பு வேண்டுமென்றே செய்தது. லென்ஸ் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும்போது ஃபிலிமிலிருந்து முன்னால் நகர்கிறது. அப்போது அது பிடிக்கும் கோணம் சற்றே குறுகும். கட்டத்தைத் தூரத்துக்கு ஏற்றபடி வரைந்தால் கிட்டத்தில் ஓரம் வெட்டுப்படும். கிட்டத்துக்கு ஏற்றபடி வரைந்தால் தூரத்தில் எதிர்பாராத கூடுதல் பரப்பு படத்தில் வந்து சேரும். வெட்டுப்படுவதைவிடக் கூடுதல் தேவலை என்று இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்லைடு ஃபிலிம் காலத்தில் அட்டைச் சட்டமே ஓரத்தில் கொஞ்சம் தின்றுவிடும், ஆகவே கணக்கு நேராகிவிட்டது. டிஜிட்டலில் தின்ன ஆளில்லை. கேமராவுக்குள்ளேயே இருக்கும் கட்டங்களிலும் இந்தக் குறை உண்டு. 2006-இல் வந்த லைக்காவின் டிஜிட்டல் கேமரா எம்8-இன் கட்டங்கள் 0.7 மீட்டருக்குப் பொருந்துபவை. கூடுதலாக விழுகிறது என்ற புகாருக்குப் பிறகு எம்8.2-வில் அதை 2 மீட்டருக்கு மாற்றினார்கள்.

எண்களை நம்பிக்கொண்டிருப்பதைவிட ஒருநாள் காலை எதிர்வீட்டுச் சுவரை நம்பினேன். பூசாத செங்கல் சுவர், கல்லின் நீளம் சாந்தோடு சேர்த்து ஒரு சாணுக்குச் சற்று அதிகம், 24 செ.மீ. என் கேமராவில் இருப்பது ஏ.பி.எஸ்.சி. எனும், பழைய ஃபிலிம் கட்டத்தைவிடச் சிறிய சென்சார், 23 மி.மீ. லென்ஸ். அதாவது பழைய கணக்கில் 35 மி.மீ. மேலே பழைய 35 மி.மீ. குழல். நாலு மீட்டர் தள்ளி முக்காலியில் நிறுத்தி, குழல் வழியே கட்டத்துக்குள் தெரிந்த கற்களை எண்ணினேன். ஒரு வரிசையில் 15. பிறகு படத்தில் எண்ணினேன். 17. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல் கூடுதல். உயரத்தில் படம் முக்கால் வரிசை கீழே விழுந்திருந்தது. அதே சுவரை ஒரு மீட்டரில் எடுத்தேன். இப்போது மொத்தமே நாலு கல் சொச்சம் அகலம், எட்டு வரிசை உயரம். அதிலும் அதே முக்கால் வரிசைதான் கீழே. ஆனால் எட்டில் முக்கால் என்பது கண்ணை உறுத்துகிறது. எத்தனை கட்டுரை படித்தாலும் ஏறாத விஷயம் இப்படி ஒருமுறை எண்ணினால் ஏறிவிடும். குழல் வைத்திருக்கிற எவரும் தன் கேமராவோடு ஒருமுறை ஏதாவது ஒரு சுவர் முன்னால் நின்றுவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய சுவர் என்றால் இன்னும் வசதி.

டிஜிட்டலில் எந்த லென்ஸுக்கு எந்தக் குழல் என்பது பெருக்கல் கணக்கு. ஏ.பி.எஸ்.சி. என்றால் ஒன்றரையால் பெருக்கு, அதைவிடவும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் என்றால் இரண்டால். 18 மி.மீ. லென்ஸுக்கு 28 குழல் ஏறத்தாழப் பொருந்தும், 35 லென்ஸுக்கு 50 குழல். 28 லென்ஸ் போட்டால்தான் திண்டாட்டம். 42 வருகிறது, அந்த அளவில் பழைய குழல் கிடைப்பது அரிது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் காரர்களுக்கு 14, 17, 25, 45 என்று எல்லாமே 28, 35, 50, 90-க்குக் கச்சிதமாக வந்து விழும். ஆனால் அங்கே இன்னொன்று. அந்தச் சென்சார் 4:3 வடிவம், பழைய குழலின் கட்டம் 3:2. 17 மி.மீ. லென்ஸும் 35 குழலும் அகலத்தில் ஏறத்தாழ 54 டிகிரி என்று ஒத்துப்போகும். உயரத்தில் குழல் காட்டுவது 38 டிகிரி, படத்தில் வருவது 42. மேலும் கீழும் கொஞ்சம் கூடுதல். இடமாறு பிழையால் வெட்டுப்படும் தலை இந்தக் கூடுதலில் தப்பிப் பிழைப்பதும் உண்டு. இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி.

கேமரா நிறுவனங்களே இதை மறந்துவிடவில்லை. 1999-இல் கொசினா நிறுவனம் ஃபோய்க்ட்லாண்டர் பெயரில் வெளியிட்ட பெஸ்ஸா-எல் வியூஃபைண்டரே இல்லாத ஃபிலிம் கேமரா. 15 மி.மீ. லென்ஸை வாங்கினால் கூடவே குழலும் வரும். 2005-இல் ரிக்கோ ஜி.ஆர். டிஜிட்டல், 2008-இல் சிக்மா டிபி1, 2009-இல் ஒலிம்பஸ் இ-பி1, 2012-இல் சோனி ஆர்எக்ஸ்1 என்று எல்லாவற்றுக்கும் ஷூவில் செருகும் கண்ணாடிக் குழலைத் தனியாக விற்றார்கள். புதுக் குழல்கள் நல்லவைதான். ஆனால் ஒன்றின் விலையில் பழையது இரண்டு மூன்று வாங்கலாம் என்பதோடு, உலோகமும் கண்ணாடியுமாகக் கையில் கனக்கும் அந்தச் சுகம் தனி. இதைக் காரணமாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் அதுவும் ஒரு காரணம்.

செருகுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஷூவில் மின்சாரம் கிடையாது, வெறும் தகடு. இன்றைய ஹாட் ஷூவின் நடுவில் ஃபிளாஷை வெடிக்கவைக்கும் மின்முனை இருக்கிறது. பழைய குழலின் பாதம் பூரா உலோகம். அது நடுமுனையையும் பக்கத் தகட்டையும் சேர்த்துத் தொட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டதாகிவிடும். சில கேமராக்களில் ஷூவின் பக்கவாட்டில் ஒரு குட்டிச் சுவிட்ச் வேறு உண்டு. ஏதாவது செருகினாலே ஃபிளாஷ் மாட்டியாயிற்று என்று நினைத்துக்கொண்டு, கேமராவின் சொந்த ஃபிளாஷை எழவிடாது. பாதத்தின் அடியில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் மின்சாரப் பிரச்சினை தீர்ந்தது. பாதம் ஆடாமல் இறுக்கமாக நிற்கவும் அதுவே உதவும். சுவிட்சுக்கு மருந்து கிடையாது.

இறுக்கம் முக்கியம் என்று பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவில் கூட்டத்தின் நடுவே யாருடைய தோள்பையோ உரச, குழல் வழுக்கிக்கொண்டு போனது. குனிந்து தேட இடமில்லை. நெரிசல் ஓயும்வரை ஒரே இடத்தில் காலை ஊன்றி நின்று, கடைசியில் ஒரு செருப்பு அடியில் கண்டெடுத்தேன். விளிம்பு நசுங்கியிருந்தது, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது டேப்புக்கும் மேலே, குழலின் கழுத்தில் ஒரு மெல்லிய நூலைக் கட்டிக் கேமரா வாரில் முடிந்து வைத்திருக்கிறேன். பார்க்க அழகாக இல்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று, பூஞ்சை. பழைய குழலோடு அழகான தோல் உறை வந்தால் உறையைத் தனியே அலமாரியில் வையுங்கள், குழலை அதில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாதான் குழலுக்கு வீடு. வாங்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல்போலக் கிளை பிரிந்திருந்தால் பூஞ்சை. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் பின்பக்க உலோக விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒரே மாதத்தில் கண்ணாடியில் அரைவட்டமாகக் கீறல் விழும்.

ஃபோகஸுக்கு என்ன செய்வது? தூரம் அளக்கும் கருவி உள்ளேயே இருக்கும் ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் குழலையும் சேர்த்தால் இரண்டு துளை. ஒன்றில் ஃபோகஸ், மற்றதில் கட்டம். கண் இடம் மாற வேண்டும். டிஜிட்டலில் ஆட்டோ ஃபோகஸ் புள்ளியை நடுவில் நிறுத்திவிட்டு 'பீப்' சத்தத்தை நம்பலாம். நான் அதையும் செய்வதில்லை. லென்ஸின் துளையை எஃப்8 அளவுக்குச் சுருக்கி வைத்து, தூரத்தை இரண்டரை மீட்டருக்குப் பூட்டிவிடுவேன். அகலக்கோண லென்ஸில் தெருவில் நடப்பது பெரும்பாலும் அந்த வரம்புக்குள் தெளிவாக விழுந்துவிடும். ரிக்கோ ஜி.ஆர். வரிசையில் இப்படித் தூரத்தைப் பூட்டுவதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. அப்புறம் திரையை அணைத்துவிடலாம். பேட்டரியும் மிஞ்சும்.

இப்போது அந்த ஒரு வரிப் பதில். திரையில் பார்க்கும்போது நான் படத்தைப் பார்க்கிறேன், குழலில் பார்க்கும்போது இடத்தைப் பார்க்கிறேன். திரையில் கட்டத்துக்கு வெளியே எதுவும் இல்லை. யார் உள்ளே நுழையப் போகிறார்கள் என்று தெரியாது, நுழைந்த பிறகுதான் தெரியும். குழலிலோ கோட்டுக்கு வெளியேயும் தெரு ஓடிக்கொண்டிருக்கிறது. பங்குனி வெயிலில் திரை வெறும் கறுப்புக் கண்ணாடியாகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெற்றியில் அழுத்திப் பிடித்த கேமரா, கை நீட்டிப் பிடித்த கேமராவைவிட ஆடாமல் நிற்கும். ஓரம் துல்லியமாக வேண்டிய வேலை என்றால் குழலைத் தொடவே கூடாது. கல்வெட்டுப் படம், ஆவணம், கிட்டே போய் எடுக்கும் முகம், இவற்றுக்கெல்லாம் திரைதான்.

குறுக்காகப் பிடிக்கும்போது குழல் கேமராவின் உச்சியில் இருப்பதால் இடக்கண் கேமராவுக்கு மேலாகத் தடையில்லாமல் பார்க்கும். நெடுக்காகத் திருப்பும்போதுதான் யோசிக்க வேண்டும். வலக்கண்ணால் பார்ப்பவர் ஷட்டர் பொத்தான் மேலே போகும்படி திருப்பினால் கேமரா வலப்பக்கம் விலகிவிடும், இடக்கண்ணுக்குத் தெரு முழுசாகக் கிடைக்கும். பொத்தான் கீழே வரும்படி திருப்பினால் கேமரா இடக்கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும், மூக்கும் இடிக்கும்.

போன பங்குனியில் மறுபடி அதே திருவிழா, அதே மயிலாப்பூர் மாடவீதி. நெடுக்காகத்தான் பிடித்திருந்தேன். கட்டத்துக்குள் ஒரு நீர்மோர்ப் பந்தல், நிழலில் இரண்டு பாட்டிகள். இடக்கண்ணுக்கு மட்டும், கட்டத்துக்கு இன்னும் வெளியே, ஒரு பையன் தட்டு நிறைய டம்ளர்களை ஏந்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வருவது தெரிந்தது. காத்திருந்தேன். கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான், அமுக்கினேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பந்தல் இருக்கிறது, இரண்டு பாட்டிகளும் இருக்கிறார்கள், தட்டில் ஒரு டம்ளர் சரிகிற அந்தக் கணம் இருக்கிறது. பையன் ஒரு மீட்டருக்கும் கிட்டே வந்துவிட்டிருந்தான், கொஞ்சம் கலங்கித்தான் தெரிந்தான். குழல் லென்ஸுக்கு மேலே இல்லை, இடப்பக்கம் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவில்லை. படம் வலப்பக்கமாக விழுந்திருந்தது. இடது ஓரத்தில், அவனுடைய காதும் அரைக் கன்னமும், முக்கால் செங்கல் அளவுக்கு, இல்லை.